பதினாலாவது குழியில் உப்பு

“புல்லு வளக்கதுக்கு எதுக்கும்மா கடல் தாண்டிப் போகணும்?” என்று கேட்டார் வேலாயுதம் அண்ணாச்சி.

அவர் வாசுதேவநல்லூர்க்காரர். குளத்துப் பாசனத்தில் நெல் போடுகிறவர். அவருடைய மகளை என் தம்பி சங்கருக்குப் பேசிக்கொண்டிருந்தோம். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது, ஜாதகமும் ஒத்துவந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் பேச்சு மாப்பிள்ளையின் வேலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சங்கர் விவசாயப் பட்டம் படித்தவன். மொரிஷியஸ் தீவில், கடலோரத்து ரிசார்ட் ஒன்றில் கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்கிறான். “எங்க வயல்ல புல்லு முளைச்சா பிடுங்கிப் போடத்தான் கூலி குடுக்கோம். அதை வளக்கதுக்குச் சம்பளமா? அதுவும் இன்னும் நிரந்தரம் ஆகலேங்கீங்க” என்றார் அண்ணாச்சி. எனக்கே தெரிந்தால்தானே அவருக்குச் சொல்ல முடியும்?

அப்பாவும் அம்மாவும் போன பிறகு சங்கரைப் படிக்கவைத்து ஆளாக்கியது நான். சங்கரன்கோவிலில் எங்களுக்கு எட்டுத் தறி ஓடுகிறது. அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துதான் அவன் பரீட்சைக்குப் படித்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும், “அடுத்த வாரம் தெரிஞ்சிரும் யக்கா. மைதானத்தை வரைஞ்ச டிசைனரம்மா வெள்ளிக்கிழமை வாராங்க. அவங்க பாத்துச் சரின்னு சொன்னா வேலை நிரந்தரம்” என்றான். “அப்போ நானும் வாரேன். அது என்ன வேலைன்னு என் கண்ணால பாக்கேன்” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் தறியைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்.

தம்பிக்கென்று முறுக்கு, பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், அதோடு கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண் ஒரு பொட்டலம். மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்தது, புற்றுமண் சேரவில்லை. விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒரு பெண் பையைத் திறந்து பார்த்து, “மண்ணா?” என்றாள். கோயில் பிரசாதம், நெற்றியில் பூசுவது, தேள்கடிக்கு நல்லது என்று தமிழிலும் கைஜாடையிலும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். வெளியே நின்ற சங்கரிடம் சொன்னால் அவன் அந்தப் பெண் பக்கம் பேசுகிறான். “நல்லவேளை பிடிச்சாங்க. அந்த மண்ணுல ஒரு புழு இருந்தாலும் என் புல்லு காலி” என்றான். அம்மன் புற்றை இப்படிப் பேசுகிறானே என்றிருந்தது. ஆனாலும் ‘என் புல்லு’ என்று அவன் சொன்ன விதத்தைக் கவனித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு என்னைப் பேட்டரி வண்டியில் ஏற்றி மைதானத்தைச் சுற்றிக்காட்டினான். மொத்தம் பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியும் மற்றதிலிருந்து வெகுதூரம். எங்கள் ஊர் ஆவுடைப்பொய்கைத் தெப்பக்குளத்தைப் போல எத்தனையோ குளத்தை அதற்குள் வைக்கலாம். “ஒரு பந்தை ஒரு குழிக்குள்ள தள்ளணும், அவ்வளவுதானலே?” என்றேன். “அவ்வளவுதான் யக்கா.” “அதுக்கு எதுக்கு இம்புட்டு இடம்?” சங்கர் சிரித்தான்.

நல்ல பச்சைக்கு நடுவே அங்கங்கே வெள்ளை மணலோடு பள்ளம் கிடந்தது. வேலையை முடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். “அது வேணும்னே வெட்டுனது. பந்து போய் அதுல விழணும்” என்றான்.

“விழுந்தா?”

“கஷ்டப்பட்டு எடுக்கணும்.”

“இதுக்கா காசைக் குடுத்துட்டு வாராங்க?”

“இதுக்குத்தான் வாராங்க.”

கொஞ்ச நேரம் போனதும் எனக்கு அந்த விளையாட்டின் குறும்பு பிடிபட ஆரம்பித்தது. ஓர் இடத்தில் சவுக்கு மரங்கள் வரிசையாக நின்றன. அடியில் நிற்பவனுக்குக் காற்றே தெரியாது. அடித்த பந்து மரத்துக்கு மேலே ஏறியதும் கடற்காற்று அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். மரத்தை அங்கே விட்டுவைத்ததே அதற்காகத்தான் என்றான் சங்கர். இன்னோர் இடத்தில் ஒரு மணல்பள்ளம் குழிக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. நடந்து போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கல்யாணப் பந்தல் போடலாம். தரையை லேசாக மேடு தட்டிக் கண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து யோசித்திருக்கிறாள் என்றதும் எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகிவிட்டது.

பதினாலாவது குழிக்கு வந்ததும் சங்கர் வண்டியை நிறுத்தினான். கறுத்த எரிமலைப் பாறை ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் முனையில் ஒரு புல்மேடை. குழி இருக்கும் இந்த மேடையைக் கிரீன் என்கிறார்கள். பந்தை அடிக்கும் இடம் இந்தப் பக்கத்துப் பாறையில். நடுவே கடல். பந்து அலைக்கு மேலே பறந்துபோய் அந்த மேடையில் உட்கார வேண்டும். மேடையைக் கடல் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி, காற்று தள்ளும் பந்து ஏற்றத்தில் மாட்டி நிற்கும்படி செய்திருந்தார்கள். பயந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இடது கைப்பக்கம் கரையோடு வளைந்து போனால் கடலைத் தாண்டாமலே சேரலாம். பந்தை ஒரு தடவை கூடுதலாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான். “இந்த வழி எனக்காக வச்சிருக்காங்க” என்றேன்.

அங்கே நான் ஒரு தப்பும் செய்தேன். கடலில் ஒரு மீன் துள்ளியது. “ஏலே சங்கரு, அங்கன பாரு!” என்று சத்தம் போட்டேன். தறிக்காரி குரல். சரியாக அந்த நேரத்தில் தொப்பி வைத்த ஒருவர் மட்டையை ஓங்கியிருந்தார். பந்து நேராகக் கடலுக்குள் போய்விட்டது. ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் மூச்சுகூடச் சத்தமாக விடக்கூடாதாம். சங்கர் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டான். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

“அவங்க அழகா வரைஞ்சு குடுத்துட்டுப் போயிட்டாங்க. வரைஞ்சதை உசிரோட வச்சிருக்கது நான்” என்றான் சங்கர், மேடைப் புல்லைத் தடவியபடி. உப்பைத் தாங்கும் ஜாதிப் புல்தான். ஆனாலும் தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டே. மண்ணில் குத்தினால் உப்பின் அளவைச் சொல்லும் மீட்டர் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்வதுபோல.

அன்று சாயங்காலம் கடல் பொங்கியது. மழை இல்லை, புயல் இல்லை. தூரத்தில் எங்கேயோ கிளம்பிய அலை வந்து பாறையில் மோதி, அந்தப் பதினாலாவது மேடை முழுவதையும் நனைத்துவிட்டுப் போனது. எனக்குப் பார்க்க அழகாக இருந்தது. சங்கர் முகம் செத்துவிட்டது. யார் யாருக்கோ போன் போட்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தான். அவன் தொழில் பேச்சு நமக்கு எதற்கு என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை பக்கத்து ஊரில் சந்தை. பஸ்ஸில் தனியாகவே போய்வருகிறேன் என்று கிளம்பினேன். வழியெல்லாம் கரும்புக்காடு. நடுநடுவே கறுப்புப் பாறைகளைப் பொறுக்கிக் குவித்து வைத்திருக்கிறார்கள், எங்கள் பக்கம் கரிசல் காட்டில் கல் பொறுக்கிப் போடுவதைப் போல. சந்தையில் தால் பூரி என்று ஒன்று சாப்பிட்டேன். நம் பருப்புப் போளியில் இனிப்பை எடுத்துவிட்டு, அவரைக்கறியும் சட்னியும் வைத்துச் சுருட்டினால் அதுதான். நின்றபடியே மூன்று தின்றேன்.

திரும்பும்போதுதான் வம்பு. ஏறிய பஸ் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கோபுரம் தெரிந்தது. பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று ஒரு முருகன் கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் இருப்பார்கள் என்று தைரியமாக இறங்கிவிட்டேன். உள்ளே பூத்தொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் மீனாட்சி. “வணக்கம்” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்தோடு தமிழ்ப் பேச்சு நின்றுவிட்டது போல. பெயரும் சாமியும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ரிசார்ட்டின் பெயரைச் சொன்னதும் யாருக்கோ போன் செய்தாள். அரைமணி நேரத்தில் ஒரு பழைய வேன் வந்தது. ஓட்டிவந்தவர் வீராசாமி.

வீராசாமி சங்கரோடு மைதானத்தில் வேலைபார்க்கிறவர். அறுபதை நெருங்கியவர், ஒல்லியான உடம்பு, வாயில் கிரியோல் என்கிற அந்தத் தீவுப் பாஷை மட்டும். அன்று அவருக்கு விடுமுறை நாள். என்னை நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். ‘ரசோன்’ என்று ஒரு கிண்ணம் வந்தது. குடித்தால் நம் ரசம்! பூண்டு கொஞ்சம் தூக்கல். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்ததைப் பார்த்து வீராசாமியின் மனைவி மறுபடி ஊற்றினாள். எனக்கும் அவர்களுக்கும் நடுவே பொதுவாக இருந்தது பத்து வார்த்தைதான், ஆனாலும் பேச்சுக்குக் குறைவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் விழிப்பு வந்துவிட்டது. சங்கர் படுக்கை காலி. சீக்கிரம் வேலை இருக்கிறது என்று முந்தின நாளே சொல்லியிருந்தான். நான் காலாற நடந்து பதினாலாவது குழிப் பக்கம் போனேன். வெளிச்சம் வந்திருந்தது. ஆட்கள் யாரும் இல்லை.

மேடை முழுக்கத் தண்ணீர். தடித்த குழாய் ஒன்றிலிருந்து கொப்பளித்துக்கொண்டு வருகிறது. மேடையில் தேங்கி, அடியில் இறங்கி, பாறை இடுக்கில் இருந்த இன்னொரு குழாய் வழியாகக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. கடலில்! நல்ல தண்ணீர்! யாரோ திறந்துவிட்டு மறந்துபோய்விட்டார்கள் என்றுதான் தோன்றியது.

எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நாளன்று யாரும் வெளியூர் போகமாட்டோம். கல்யாணத்துக்குக்கூட வீட்டுக்கு ஓர் ஆளை விட்டுவிட்டுத்தான் போவோம். எந்த வீட்டுக் குழாய் நிறைந்து வழிந்தாலும், அந்த வழியே போகிறவர் சண்டைக்காரராகவே இருந்தாலும், உள்ளே புகுந்து மூடிவிட்டுத்தான் போவார். அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. நன்றி சொல்வதும் இல்லை. என் கால் தானாக நடந்தது. நடைபாதை ஓரம் புல்லோடு புல்லாக ஒரு பச்சை மூடி. தூக்கினால் உள்ளே சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு. ஒரு திருகு. தண்ணீர் நின்றது. மூடியைச் சாத்திவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தேன். மனசு நிறைவாக இருந்தது. சங்கரிடம் சொல்லவில்லை. வழிகிற குழாயை மூடியதை எந்த ஊரில் சொல்லிக் காட்டுவார்கள்?

புதன்கிழமை நல்ல வெயில், நல்ல காற்று. நான் கடலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு ஆட்டக்காரர்களை வேடிக்கை பார்த்தேன். வாயை இறுக்க மூடிக்கொண்டுதான்.

வியாழக்கிழமை காலை சங்கரின் சத்தம் கேட்டது. என் தம்பி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஓடிப் போனேன். பதினாலாவது மேடையில் புல்லின் நுனியெல்லாம் கருகி, அயர்ன் பெட்டி சூடு பட்ட துணியைப் போல மஞ்சள் பாய்ந்திருந்தது. வீராசாமி தொப்பியைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். சங்கர் ஏதோ கேட்டுக்கொண்டே கையால் ஒரு கைப்பிடியைத் திருகுவதுபோலக் காட்டினான். அந்த ஜாடையைப் பார்த்ததும் என் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

“என்னலே ஆச்சு?” என்றேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அலை வந்து மேடை மண்ணெல்லாம் உப்பு ஏறிவிட்டது. நல்ல தண்ணீரை மூன்று மணி நேரம் நிற்காமல் விட்டால்தான் உப்பு கரைந்து, வேருக்குக் கீழே இறங்கி, அடிக்குழாய் வழியாகக் கடலுக்குப் போகும். மைதானத்தில் மற்ற எல்லாத் தண்ணீரையும் நிறுத்தினால்தான் அது முடியும். செவ்வாய் காலை மட்டும் அதற்கு மேனேஜர் ஒத்துக்கொண்டிருந்தார். தானாகத் திறந்து மூடும் பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போனதால் கையால் திறந்துவிட்டு, சங்கர் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறான். “எட்டு மணிக்கு வந்து பாத்தேன், வால்வு மூடியிருந்துச்சு. சரி, நேரம் ஆனதும் வீராசாமி மூடிட்டாருன்னு நினைச்சு மீட்டரைக்கூடக் குத்திப் பாக்கலை. இப்போ தண்ணிக் கணக்கைப் பாத்தா, இவரு ஒரு மணி நேரத்துலயே மூடியிருக்காரு யக்கா! பாதி கரைஞ்ச உப்பு வெயில் பட்டு மேல ஏறி வேரைத் தின்னுட்டு. கேட்டா, ஞாபகம் இல்லேங்காரு. நாளைக்கு அந்தம்மா வாராங்க. என் வேலை போச்சு.”

நான் அறைக்கு வந்துவிட்டேன். சொல்லாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்? நான் ஊருக்குப் போய்விடுவேன், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கண்ணை மூடினால் அந்த ரசோன் கிண்ணம் வந்து நின்றது. லீவு நாளில் வேனை எடுத்துக்கொண்டு வந்த மனுஷன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய்த் தம்பியிடம், “வால்வை மூடுனது நான்லே” என்றேன்.

அவன் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “நீயா? எதுக்கு?”

“தண்ணி கடல்ல போய்ட்டிருந்துச்சு.”

அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவனும் அந்தத் தெருவில் குடம் தூக்கி வளர்ந்தவன்தானே. பிறகு எழுந்து, சவுக்குத் தோப்பில் உட்கார்ந்திருந்த வீராசாமியிடம் போனான். நானும் பின்னாலேயே போய்க் கைகூப்பினேன். வீராசாமி என்னையும் சங்கரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நெஞ்சில் கைவைத்து நீளமாக மூச்சு விட்டார். அவர் சொன்னதைச் சங்கர் எனக்குச் சொன்னான்: “நான்தான் மூடிவிட்டு மறந்துபோனேனோ என்று பயந்துவிட்டேன். என் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் மறதி ஆரம்பித்தது.” அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். புல்லுக்கு அடிக்கும் பச்சைச் சாயம் இருக்கிறதாம். அடித்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது, பல இடத்தில் செய்வதுதான் என்றார். சங்கர் டப்பாவோடு வந்தான். நான் ஒரு சொட்டைக் கைக்குட்டையில் விட்டுத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். பாதி போய்விட்டது. “ஏலே, சாயம் நிக்குமா நிக்காதான்னு என்கிட்டயா காட்டுத? இந்தச் சாரலுக்கு இது தாங்காது” என்றேன். “அந்தம்மா முட்டிபோட்டு வேரைத்தான் பாப்பாங்க யக்கா. வேருக்கு எங்க சாயம் அடிக்க?” என்றான் அவன். டப்பாவைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டான். அன்று நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை நோரா வந்தார். அதுதான் டிசைனரம்மாவின் பெயர். அறுபதுக்கு மேல் இருக்கும். நெட்டையான உருவம், சுருங்கிய தொப்பி, பின்னால் கட்டிய கை. பதிமூன்று குழியைப் பார்த்துவிட்டு வந்தவர், பதினாலாவது மேடையைப் பார்த்ததும் நேராக அதன் மேல் ஏறினார். முட்டிபோட்டார். ஒரு கத்தியால் புல்லோடு மண்ணைக் கேக் துண்டு மாதிரி வெட்டி எடுத்து வேரைப் பார்த்தார். சங்கர் அலை வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர் ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டது என்றும் சொன்னான். யார் நிறுத்தியது என்று அவர் கேட்டார். “என் பொறுப்பு” என்று மட்டும் சொல்லி நிறுத்தினான் தம்பி.

அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். முன்னால் போய், “நான்” என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

நோரா என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்காக என்று கேட்டார். நான் சொல்லச் சொல்லச் சங்கர் மொழிபெயர்த்தான். எங்கள் தெரு, தண்ணீர் வரும் நாள், வழிகிற குழாயை யார் வேண்டுமானாலும் மூடலாம் என்பது, எல்லாவற்றையும். “என் தம்பி தப்பு செய்யல. அவன் சொல்லியிருந்தா நான் தொட்டிருக்கமாட்டேன், நான் கேட்டிருந்தா அவன் சொல்லியிருப்பான்” என்றேன். அவர் எழுந்து நடைபாதைக்குப் போய்ப் பச்சை மூடியைத் தானே தூக்கிப் பார்த்தார். மூடினார். மறுபடி தூக்கினார். பிறகு சொன்னார்: “எவனெவன் பந்தைத் தப்பாக அடிப்பான் என்று ஒவ்வொரு அடிக்கும் யோசித்து வரைந்தேன். நல்ல எண்ணத்தோடு ஒருவர் வந்து தண்ணீரை மூடுவார் என்று யோசிக்கவில்லை. பூட்டில்லாத வால்வை நடைபாதை ஓரம் வைத்தது என் வரைபடம்.”

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. நிரந்தரம் என்று இப்போது கையெழுத்துப் போட மாட்டாராம். ஆறு வாரம் கழித்துத் திரும்ப வருவார். அதற்குள் இந்த மேடையில் புல் உயிர் பிடித்திருக்க வேண்டும். பிடித்தால் கையெழுத்து, இல்லையென்றால் வேறு ஆள். “மறைக்காமல் சொன்னதற்கு ஆறு வாரம்” என்றார் சங்கரிடம். சாயம் அடித்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்பது எனக்குப் புரிந்தது. மறுநாள் காலையே தண்ணீர் விட மேனேஜரிடம் அவரே சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சங்கர் என்னை எழுப்பினான். “வா யக்கா. நீயே திற. எட்டு மணிக்கு நீயே மூடு” என்றான். கேலியா தண்டனையா என்று தெரியவில்லை. சிவப்புக் கைப்பிடியைத் திருகினேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அவன் மீட்டரோடு மேடையில் நின்றான். நானும் வீராசாமியும் பாறை இடுக்கில், தண்ணீர் கடலில் விழும் இடத்தில் உட்கார்ந்தோம்.

அந்த மூன்று மணி நேரம் என் வாழ்க்கையில் நான் பட்ட பாடு! எத்தனை குடம், எத்தனை அண்டா, எத்தனை வீடு என்று மனசு தன்னால் கணக்குப் போடுகிறது. கையை மடியில் வைத்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டேன். நிலத்தில் போர் போட்டுத் தண்ணீர் வந்ததும் நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். குழாய் வாயில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடலேதான், அப்படி ஒரு கரிப்பு. “யக்கா, மருந்தடிச்ச மண்ணு, வாயில வைக்காத!” என்று மேலேயிருந்து கத்தினான் தம்பி. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வைத்தேன். கரிப்பு குறையவே இல்லை. செவ்வாய்க்கிழமை நான் மூடியது இந்த நேரத்தில்தான்.

அப்போது போன் அடித்தது. வேலாயுதம் அண்ணாச்சி.

“ஏம்மா கோமதி, ஒரு வாரமாச்சு. மாப்பிள்ளை என்ன வேலைதான் பாக்காரு?”

மேடையைப் பார்த்தேன். என் தம்பி குனிந்து மண்ணில் மீட்டரைக் குத்திக்கொண்டிருந்தான். “அண்ணாச்சி, உங்க வயல்ல உப்பு பூத்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

“தண்ணியத் தேக்கிக் கட்டி, உப்பக் கரைச்சு வடிய விடுவோம். ஒருதடவைக்கு ரெண்டுதடவை செய்யணும்.”

“அதைத்தான் இவன் கடலுக்கு நடுவுல பாறை மேல நின்னு செய்யுதான்.”

“அப்படிச் சொல்லுங்க! அது விவசாயம்லா! புல்லு புல்லுன்னா எனக்கு எப்படி வெளங்கும்?” என்றார். அவர் குரலே மாறிவிட்டது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, ஆறு வாரம் தவணை, அதற்கும் காரணம் நான்தான் என்று வால்வை மூடிய கதையை முழுசாகச் சொன்னேன். சம்பந்தம் இதோடு முறிந்தாலும் முறியட்டும் என்று காத்திருந்தேன்.

“நல்ல தண்ணி கடல்லயா போச்சு?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“நானா இருந்தாலும் மூடியிருப்பேன்” என்றார் அவர். “ஆறு வாரம்தான? நாத்துப் பாவி நட்டுட்டு நாங்க காத்துக் கெடக்கலியா? பாப்போம்.”

எட்டு மணி ஆகக் கொஞ்சம் இருந்தது. வீராசாமி என் தோளைத் தட்டிக் குழாயைக் காட்டினார். நாக்கில் வைத்தேன். இனித்தது. குற்றாலத்துத் தண்ணீர் மாதிரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் போர்த் தண்ணீரை விட நன்றாக இருந்தது. “ஏலே, உப்பு இறங்கிட்டு! மூடவா?” என்று தறிக்குரலில் கத்தினேன். சங்கர் மீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். போய் மூடினேன்.

ஊருக்கு வந்து தறியில் உட்கார்ந்த பிறகு நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சியும் வாரம் ஒருதடவை போன் போட்டு, “புல்லு வேர் பிடிச்சுதாம்மா?” என்று கேட்டார். தன் நெல்லைப் பற்றி விசாரிக்கும் அதே அக்கறை.

ஏழாவது வாரம் சங்கரிடமிருந்து இரண்டு படம் வந்தது. முதல் படத்தில் பதினாலாவது மேடை. கருகின இடமே தெரியாமல் பச்சை. நடுவே வீராசாமி தொப்பியைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். கீழே, “கையெழுத்து ஆயிட்டு யக்கா” என்று எழுதியிருந்தான்.

இரண்டாவது படம் அந்த வால்வுப் பெட்டி. இப்போது பூட்டுப் போட்டிருக்கிறது. மேலே நோரா வைக்கச் சொன்ன பித்தளைத் தகடு. இங்கிலீஷில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரி. மூன்றாவது வரி தமிழ். அந்த மைதானத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் என் தம்பி ஒருவன்தான். படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ‘மூடாத யக்கா’ என்று வெட்டியிருந்தது.